சிஸ்டர் ஏன் பேசிக்கொண்டிருக்கிறார்?

(புதுச்சத்திரத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆராதனை முடிந்து, வீட்டில் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிற நேரத்திலும் எனக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேசுவேன் என்று ஒரு போதகர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகையால் அதைச் சொல்லாமலே ஆரம்பிக்கிறேன்.

போன முறை காணிக்கையோடு மருத்துவமனைக்கு வந்த ஒரு பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்கய்யா, ரத்தம் சோதிக்கிற மெஷினுக்குப் பணம் கொடுத்தோம், அது ஓடுது, சந்தோஷம். ஆனா அந்த சிஸ்டரம்மா வராண்டாவுல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு ஒரே ஆளோட அரை மணி நேரமா பேசிக்கிட்டு இருக்குதுங்களே, அதுக்கும் நம்ம காசுலதான் சம்பளமுங்களா?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்றைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சர்க்கரை வியாதி இப்போது யார் வீட்டில் இல்லை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023ல் வெளியிட்ட ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இது ஒரு நாள் படுத்து, ஊசி போட்டு, எழுந்து வீட்டுக்குப் போகிற வியாதி அல்ல. டாக்டர் நோயாளியைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம். மீதி நாளெல்லாம் வைத்தியம் நடப்பது அவர் வீட்டு அடுப்படியில், வயலில், லாரியில். அங்கே என்ன நடக்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். கேட்டால்தானே சொல்லுவார்?

லாரி ஓட்டுகிற ஒரு சகோதரர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். எப்போது வந்தாலும் சர்க்கரை 300க்கு மேல். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். அடுத்த முறையும் அதே கதை. "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று அவருடைய சீட்டில் எழுதினார்கள். அது பொய்யல்ல. ஏன் என்று எழுதத்தான் அந்தச் சீட்டில் இடமில்லை.

ஒருநாள் சிஸ்டர் அவரை ஸ்டூலுக்கு எதிரே உட்காரவைத்து, "ஏன் போடல" என்று கேட்காமல், "அண்ணா, மாத்திரை போடாத நாள்ல எங்க இருப்பீங்க?" என்று கேட்டார்.

"வண்டியிலதானுங்க இருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு தானாகவே சொன்னார். உங்கள் ஊர் வழியாகப் போகிற இந்த நெடுஞ்சாலை, முன்பு ஏழாம் நம்பர் ரோடு, இப்போது 44, இதே சாலையில் நாக்பூர் பக்கம் போயிருக்கிறார். காலையில் மாத்திரை போட்டாயிற்று. லோடு இறக்கத் தாமதம். மத்தியானச் சாப்பாடு இல்லை. இருட்டின பிறகு வண்டி ஓட்டும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, எதிரே வந்த விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கின்றன. எப்படியோ ஓரங்கட்டினார். கிளீனர் பையன் சர்க்கரை அள்ளிப்போட்ட டீயை வாங்கிக் கொடுத்தான்; பிழைத்தார்.

"அதுலிருந்து வண்டி ஏறினா மாத்திரையத் தொடறதில்லீங்க. சுகருல செத்தா நான் ஒருத்தன். ஸ்டீரிங்ல கண்ணு இருட்டினா எத்தன பேருங்க?"

சகோதரரே, சகோதரியே, நாங்கள் அவரை அலட்சியக்காரர் என்று நினைத்திருந்தோம். சில மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறவை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. சாப்பாடு தவறினால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும். டாக்டர் அதை நிறுத்தி, அப்படித் தாழ்த்தாத வேறு மருந்து எழுதினார். வண்டியில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்க வேண்டும் என்றார். சர்க்கரை 180 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பூரணமான அளவு அல்ல. ஆனால் மாத்திரை இப்போது வண்டியிலும் போகிறது.

இன்னொன்று என்னைக் குறித்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லுகிறேன்.

ராசிபுரம் பக்கத்துச் சேகோ மில்லில் வேலை செய்த ஒரு விதவைத் தாயார் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை கூடியிருக்கிறது என்று கேள்விப்பட்டு நான் பக்கத்தில் போய், நம்முடைய சரீரம் தேவனுடைய ஆலயம் அல்லவா, அதை இப்படிக் கெடுக்கலாமா என்று நல்ல ஒரு பிரசங்கம் பண்ணினேன். தலையைத் தலையை ஆட்டினார். நான் திருப்தியாக எழுந்துபோனேன்.

அதற்குப்பின் அவருடைய வெறும்வயிற்றுச் சர்க்கரை எல்லா முறையும் நன்றாகவே இருந்தது. எங்களுக்குச் சந்தோஷம். கடைசியில் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அது ஏகமாகக் கூடியிருந்தது. திட்டு வாங்கப் பயந்து, வருகிற நாளுக்கு முன் இரண்டு நாள் அரைப்பட்டினி கிடந்து வந்திருக்கிறார். நாங்களும் அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறோம். அதற்குள் காலில் புண் பெரிதாகி இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வார்டில் நான் ஜெபிக்கப் போனால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறதுபோல் கிடப்பார். முதலில் கொப்புளம் வந்தது எப்போது என்று சிஸ்டர் பிறகு விசாரித்தார். நான் பெஞ்சில் பிரசங்கம் பண்ணின நாளிலேயே இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் வாய் திறக்க நான் இடம் கொடுக்கவில்லை.

பெதஸ்தா குளத்தண்டையில் 38 வருஷம் வியாதியாய்க் கிடந்த மனுஷனிடம், குணமாக விருப்பமுண்டா என்ற பொருளில் ஆண்டவர் கேட்கிறார். செமினரியில் படிக்கிற காலத்தில் இதென்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியதுண்டு. அந்த மனுஷன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் கொண்டுபோய் விட ஆள் இல்லை என்கிற பாட்டைச் சொன்னான். எங்கள் வராண்டாவிலும் அநேகமாக அப்படித்தான். "மருந்து சாப்பிட்டாயா" என்றால் பதில் வராது. ரேஷன் அரிசி இருக்கும்போது கம்புக்குத் தனியே காசு ஏது என்று வரும். வீட்டில் பிரிட்ஜ் இல்லை, இன்சுலினை எங்கே வைப்பது என்று வரும். (ஈர மணலில் மண்பானையை வைத்து, தண்ணீர் படாமல் உள்ளே வைத்தால் கோடை வெயிலிலும் மருந்து கெடாமல் காப்பாற்றலாம். இதைத் தெரிந்துகொள்ள எம்.டி. படிப்பு வேண்டியதில்லை, ஆனால் யாராவது கேட்க வேண்டும்.)

நம் கிழக்கே இருக்கிற கொல்லிமலையில் 1914ல் பிறந்த ஒரு பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் அம்மாள் என்ற மிஷனெரிகளின் மகன், டாக்டர் பால் பிராண்டு. தகப்பனார் 1929ல் அந்த மலையிலேயே காய்ச்சலில் மரித்தார். மகன் 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. இவர் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை ஆராய்ந்தார். தமக்குத் திறக்க முடியாத பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததையும் கண்டார். பையனுக்கோ வலியே இல்லை. ராத்திரியில் விரல்கள் குறைந்துபோவதேன் என்று காவலிருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன்பின் வீட்டுக்குத் திரும்புகிற நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்! மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு பார்த்தாலும் எலி தெரியாது.

1966ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண்கள். சர்க்கரை பல வருஷம் கூடியே நின்றால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் தைத்தாலும், செருப்பு கடித்தாலும் தெரிவதில்லை. தொழுநோயாளிகளுக்கு உதவின எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளின் காலிலும் இருக்கிறது. சேகோ மில் தாயாருக்கும் அதுதான் கொடுத்திருக்கிறோம்.

பேசினால் வியாதி போகுமா என்று கணக்குக் கேட்கிறவர்களும் உங்களில் உண்டு, அவர்களுக்காக ஒன்று. சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவு, நடை குறித்து ஒவ்வொருவரோடும் தொடர்ந்து பேசிவந்த பிரிவில் 39 பேர். மெட்பார்மின் மாத்திரை மட்டும் கொடுத்த பிரிவில் 40 பேர். பேச்சு மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை.

எல்லாரும் கேட்டுத் திருந்துகிறார்கள் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அரை மணி நேரம் சிஸ்டரிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு, நேரே எதிர்ப் பேக்கரியில் தேங்காய் பன்னோடு நிற்கிறவரை நானே பார்த்திருக்கிறேன். டாக்டர்களையும் குறை சொல்லக் கூடாது; ஓ.பி. வரிசை கேட்வரைக்கும் நிற்கும்போது யார்தான் கதை கேட்பது? அரசாங்கமும் 2021ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் மாத்திரையை வீட்டுக்கே அனுப்பிவருகிறது. நல்ல காரியம். அந்த மாத்திரை டப்பாவில் சேர்ந்துகிடக்கிறதா என்று பார்க்கிறவர்களும் வேண்டும்.

ஆகவே பெரியவரே, ஆம், உங்கள் காசில்தான் சம்பளம். இன்னொரு தேவையும் உண்டு. ஸ்டூலில் உட்கார்ந்து சிஸ்டருக்கு முதுகுவலி வந்துவிட்டது. முதுகு சாய்கிற நாற்காலி இரண்டு வேண்டும், பேசுகிறவருக்கு ஒன்று, கேட்கிறவருக்கு ஒன்று. உபயதாரர் பெயர் எழுத வேண்டுமானால் நாற்காலியின் பின்பக்கத்தில்தான் இடம் இருக்கும். அது சுவரைப் பார்த்திருக்கும்.