பச்சை குத்திய கையும் இரத்த தானமும்

(வாலிபர் ஐக்கியக் கூடுகையில் ஆஸ்பத்திரி சாப்ளேன் ஐயா ஆற்றிய உரை)



2023ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு சபையில் இரத்த தான முகாம் நடத்தினோம். முதல் ஆளாக வந்து நின்றவன் ஒரு வாலிபன். இரண்டு மாதத்திற்கு முன்புதான் திருவிழாக் கடையில் மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்தியிருந்தான். சிஸ்டர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இப்போது எடுக்க முடியாது தம்பி, பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகட்டும்" என்றார்கள். பையன் முகம் வாடிப்போயிற்று. நேரே என்னிடம் வந்து, "ஐயா, பச்சை குத்தக் கூடாதென்று லேவியராகமத்தில் இருக்கிறதே, அதனாலா?" என்று கேட்டான்.

அதனால் அல்ல. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை வேதபாட வகுப்பில் பேசிக்கொள்ளலாம். இரத்த வங்கியின் கவலை அந்த ஊசியைப் பற்றியது. திருவிழாக் கடையில் அதே ஊசி, அதே மைக் கிண்ணம் எத்தனை கைகளுக்குப் போயிற்றோ, யாருக்குத் தெரியும்? ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் அந்த வழியாய் வரக்கூடும். ஒவ்வொரு பை இரத்தத்தையும் நாங்கள் பரிசோதிக்கிறோம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அதற்கே செலவாகிறது. ஆனாலும் கிருமி புகுந்த முதல் வாரங்களில் பரிசோதனைக்கு அது அகப்படாமல் போகலாம். ஆகவேதான் பச்சை குத்தினாலும், காது மூக்கு குத்தினாலும் 12 மாதம் பொறுக்க வேண்டுமென்று தேசிய இரத்த மாற்றுக் கவுன்சில் 2017இல் வழிகாட்டுதல் தந்தது. பழைய பச்சைக்குத் தடையில்லை. எனவே, கையில் பச்சையுள்ள அம்மாமார் தயங்க வேண்டாம்.

இதை இவ்வளவு சொல்லுகிற நானே ஒருமுறை தவறினேன். பல வருஷங்களுக்கு முன், புதிதாய் மூக்கு குத்தியிருந்த ஒரு சகோதரி முகாமில் தயங்கி நின்றார்கள். ஆட்கள் குறைவு என்ற அவசரத்தில், "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, போய்ப் படும்மா" என்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற டாக்டர் அம்மா என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இந்தப் பை நாளைக்குப் பிரசவ வார்டில் யாருக்கோ ஏறும். அந்தப் பிள்ளைத்தாய்ச்சியிடமும் இதையே சொல்லுவீர்களா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சகோதரியிடம் நானே போய், "வேண்டாம்மா, அடுத்த வருஷம் வாருங்கள்" என்றேன்.

சிலுவை குத்திய தம்பி அன்று வீட்டுக்குப் போய்த் தன் அண்ணனைக் கூட்டி வந்தான். 2024 தவக்காலத்தில் அவனே வந்தான். சிஸ்டர் கேட்குமுன்னே, பச்சை குத்திய தேதியைப் படிவத்தில் எழுதியிருந்தான். 350 மில்லி கொடுத்தான்.