தோட்ட டிராக்டரும் ஒரு முள்ளும்

தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் மரவரிசைகளின் நடுவே நுழைந்து உழுவதற்கென்று வந்திருக்கும் சிறிய டிராக்டர்கள் பார்வைக்கு எவ்வளவு சாதுவாகத் தோன்றினாலும், டயரில் காற்று இறங்கிய மாத்திரத்தில் பெரிய யந்திரங்களுக்குரிய சங்கடங்கள் அனைத்தையும் தரவல்லவை என்பதைத் தோப்பு வைத்திருப்பவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தோடு திரிந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் காற்றடைத்த டயர் பூட்டிய டிராக்டரை விற்கத் தொடங்கினார்கள். அதனால் வேகமும் சௌகரியமும் வந்தன, கூடவே பஞ்சரும் வந்தது. நம் பக்கத்தில் அதற்கு முதற்காரணம் வேலியோரத்துச் சீமைக்கருவேல முள்தான்.

காற்று முற்றும் இறங்கிய சக்கரத்தை உருட்டிக்கொண்டே வீடு சேர்ந்துவிடலாம் என்று எண்ணுவது வீண். ரிம்முக்கும் டயருக்கும் இடையில் நசுங்கிக் கிழிந்த டியூபை எந்தக் கடைக்காரராலும் ஒட்டித்தர முடியாது. நின்ற இடத்திலேயே கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, உழுத மண்ணில் ஜாக்கி புதைந்துபோகாதபடி அதன் அடியில் கனமான பலகை ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வண்டியைக் கியரில் போட்டிருக்கிறோமே, இனி எங்கே நகரப்போகிறது என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். பின்சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழுந்ததுமே, டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களின் வழியாக அது தன்போக்கில் சுழலத் தொடங்கி, கியரின் பிடிமானத்தை வெறும் பெயரளவுக்கு ஆக்கிவிடுகிறது. ஆதலால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது அத்தியாவசியம். முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடும்படி அமைந்திருப்பதால், பின்புறத்தைத் தூக்கும்போது வண்டி ஒருபக்கம் சாயாதிருக்க, அந்த அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்பு வைப்பதும் நல்லது.

நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி வைத்துக்கொண்டு, பிறகுதான் ஜாக்கியை ஏற்ற வேண்டும். பின்டயரில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் தனியாளாகக் கழற்ற முனைவது அவிவேகம். வால்வு கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பித் தண்ணீரை வடித்துவிட்டு, இன்னொருவர் துணையோடு இறக்குங்கள்.

டியூபை வெளியே எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை பொறுத்திருந்து ஒட்டுப்போடுவது எந்தச் சைக்கிள் கடைச் சிறுவனுக்கும் தெரிந்த காரியம். அவசரக்காரர்கள் தவறவிடுவது வேறொன்றை. டியூபைக் குத்திய முள் வெளியே முறிந்து விழுந்துவிட, அதன் நுனி மட்டும் டயரின் தடித்த ரப்பருக்குள் தங்கியிருக்கும். அதைத் தேடாமல் டியூபைத் திரும்ப உள்ளே வைத்தால், அடுத்த நாளே அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை விழும். பழி மட்டும் ஒட்டியவர் தலையில்! டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தால், முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். வெறுங்கையால் தடவினால் கைக்குத்தான் பஞ்சர். ஒட்டுவதற்கு ஆகும் நேரத்தைப் போல இருமடங்கு இந்தத் தேடலுக்குச் செலவிட்டாலும் தகும் என்பது என் அபிப்பிராயம்.

திரும்ப மாட்டும்போது, டயரின் பக்கத்தில் பொறித்துள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையையே காட்ட வேண்டும். டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காரவில்லையே என்று 35 பவுண்டுக்கு மேல் காற்றேற்றுவது அபாயம். உட்காராவிட்டால் காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி மீண்டும் முயலுங்கள், அப்போதும் சக்கரத்துக்கு நேரெதிரே நிற்காதீர்கள். விளிம்பு உட்கார்ந்தபின், காற்றைக் கையேட்டில் குறித்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக முடுக்கி, சில மணி நேரம் உழுதபிறகு மறுபடியும் ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் அவை சற்றுத் தளர்வது இயல்பு.