உளை வயல் இறுகும் வழி



தாளடி அறுவடை நெருங்கும்போது களத்து வேலையே தலைக்கு மேல் இருக்கும். அந்த நேரத்தில் போய் மண்ணைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். வருகிற குறுவைக்கு உழவு ஓட்டும்போது படப்போகிற பாட்டை, இந்தத் தாளடி அறுவடையின்போதே குறைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காவிரிப் பாசனத்துக் களிமண் பூமியில் சில வயல்கள் உண்டு. மாட்டை இறக்கினால் வயிறு வரைக்கும் புதையும். டிராக்டரை இறக்கினால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. அதை இழுக்க இன்னொரு டிராக்டருக்கு வாடகை கொடுக்கணும். நடவுப் பெண்கள் ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இத்தனையும் பட்டு நட்ட பயிராவது நிற்குமா என்றால், வேருக்குப் பிடிப்பு இல்லாமல் ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும். இதைத்தான் உளை வயல் என்கிறோம்.

நல்ல களிமண் ஏன் இப்படி ஆகிறது? களிமண் துகள் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை 500 பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இராது. சேற்றுழவில் மண்கட்டிகள் உடைந்து துகள் துகளாகப் பிரிகின்றன. இடையிலே தண்ணீர் புகுந்துகொள்கிறது. நெல்லுக்குப் பின் நெல் என்று காய விடாமல் தண்ணீர் கட்டிக்கொண்டே வந்தால், துகள்கள் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. மண் பலத்தை இழக்கிறது.

ஆனால் இழந்த பலம் திரும்பி வரும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, படிதல். மேலுள்ள மண்ணின் பாரத்தால் உள்ளே இருக்கும் நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும். மண் அடர்ந்து படியும். இதற்கு நாள் பிடிக்கும். சேற்றின் கனம் இரண்டு மடங்கானால், படியும் காலம் ஏறக்குறைய நாலு மடங்காகும்! ஆகவே தேவைக்கு மேல் ஆழமாகச் சேறு ஆக்காதீர்கள். தேவைக்கு மேல் ஒரு சாலும் ஓட்டாதீர்கள்.

இரண்டாவது, ஓய்வு. சுவர் வைக்கக் குழைத்த களிமண்ணை ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். மறுநாள் தொட்டுப் பாருங்கள். ஈரம் குறையாமலே கொஞ்சம் விறைத்திருக்கும். அசையாமல் கிடந்ததால் துகள்கள் மறுபடி ஒன்றோடொன்று பிணைந்துகொண்டன, அவ்வளவுதான். மிதித்தால் திரும்பவும் இளகிவிடும். களிமண் வயலில் சேறடித்த அன்றே நடாமல் ஓரிரு நாள் விட்டு நடச் சொல்வது இதனாலும்தான். வரப்புக்கும் இது பொருந்தும். காலையில் அண்டை போட்டுவிட்டு, மாலையில் தண்ணீரை நிறையக் கட்டினால் அண்டை சரியத்தான் செய்யும்.

மூன்றாவது, காய்தல். இதுதான் மூன்றிலும் பலமானது. ஈரம் வெளியேற வெளியேறத் துகள்கள் நெருங்கி இழுபடும். வயல் வெடிப்பு விடுவதும் அதனால்தான். அந்த வெடிப்பு வழியே அடிமண்ணும் காயும்.

இந்த இயற்கைக்கு நாமும் கைகொடுக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உளை வயலுக்குச் சொல்லும் முறை இது. அறுவடைக்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். அறுப்பு முடிந்து, மண் பாதி காய்ந்த பதத்தில் இருக்கும்போது, 400 கிலோ எடையுள்ள கல் உருளையை வயலில் 8 தடவை உருட்ட வேண்டும். கல் உருளைக்கு எங்கே போவது என்பீர்கள். காலித் தார் டிரம்மில் மணலைத் திணித்து அதே எடைக்குக் கொண்டுவந்தால் போதும். அதன்பின் வழக்கம்போல் உழவு செய்யலாம்.

இதில் பதம்தான் முக்கியம். மண் ஈரமாக இருந்தால் உருளையில் அப்பும், உருளையே புதையும். கல்லாய்க் காய்ந்துவிட்டால் உருட்டியும் பலனில்லை. வயலில் நடந்து பாருங்கள். குதிகால் தடம் லேசாகப் பதிய வேண்டும். சேறு காலில் ஒட்டக் கூடாது. அதுதான் நேரம். நாலு நாள் தள்ளிப்போட்டால் பதம் தவறிவிடலாம்.

"நெல் அறுப்பதற்கு முன்பே உளுந்து தெளித்துவிடுவோமே, பிறகு எங்கே உருளை உருட்டுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உளுந்தும் காசு தரும் பயிர். அதன் வேர் ஈரத்தை உறிஞ்சுவதால் மண்ணும் ஓரளவு காயும். எனவே சுமாரான வயல்களில் உளுந்தை விடாதீர்கள். மாடு வயிறு வரை புதையும் வயல் எதுவோ, அதில் மட்டும் இந்த ஒரு தடவை உளுந்தை விட்டுக்கொடுங்கள். உழவுக் கூலியும், சாய்ந்து போகும் நெல்லும் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். இது உளை வயலுக்கு மட்டுமே உரிய வைத்தியம். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் நிலத்தில் உருளை உருட்டினால் வேர் இறங்காது, கெடுதல்தான்.

மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஓய்வு வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மண்ணுக்கும் அது வேண்டும். வாய்ப்பு உள்ள கோடையில் வயலைக் காய விடுங்கள். அடுத்த உழவில் உங்கள் மாடே உங்களுக்குச் சொல்லும்.