‘திங்க்’ என்ற வினையும் வ.உ.சி.யின் தலைப்பும்



ஓட்டப்பிடாரத்தில் நின்றுகொண்டு ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பீர்கள். அச்சொல்லோடு மல்லுக்கட்டியவர் இவ்வூர்க்காரர்தாம். ஜேம்ஸ் ஆலன் 1903-இல் வெளியிட்ட ‘ஆஸ் எ மேன் திங்கெத்’ என்னும் சிறு நூலை வ.உ. சிதம்பரனார் தமது சிறைவாசத்தின்போது (1908–1912) தமிழாக்கினார். ‘மனம்போல வாழ்வு’ என்று பெயரிட்டார். மூலத் தலைப்பின் உயிரான ‘திங்க்’ என்ற வினை தமிழ்த் தலைப்பில் இல்லை. ஏன் இல்லை?

‘திங்க்’ பல வேலைகளைத் தனியே செய்யும் சொல். தமிழோ அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. ஆராயும்போது சிந்திக்கிறோம். முடிவுக்கு வந்தால் கருதுகிறோம். (கரிசல் சம்சாரிக்குக் ‘கருது’ என்றால் முதலில் கம்பங்கதிர்தான், அது வேறு கதை.) திட்டமிட்டால் எண்ணுகிறோம், அச்சொல்லுக்குள் கணக்கும் இருக்கிறது. கட்டிக்கொடுத்த மகளைத் தாய் நினைக்கிறாள். அங்கே ஞாபகமும் ஏக்கமும் பிரிக்க முடியாதவை. எதைத் தலைப்பில் வைத்தாலும் மற்றவை வெளியே நின்றுவிடும். ஆகவே வ.உ.சி. வினைகளை விட்டு, அவை பிறக்கும் இடத்தைப் பிடித்தார். ‘மனம்போல மாங்கல்யம்’ என்ற பழமொழியும் கைகொடுத்தது.

இழப்பும் உண்டு. ‘திங்க்’ என்பது மனிதன் செய்வது, மாற்றிச் செய்யக்கூடியது. மனத்தைத் தோட்டமாகவும் மனிதனைத் தோட்டக்காரனாகவும் காட்டும் ஆலனின் வாதமே அதன்மேல் நிற்கிறது. ‘மனம்’ என்பதோ வாய்த்தது. நூலைத் திறக்காதவர் தலைப்பை மட்டும் கேட்டு, விதியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுச் செக்கிழுத்தவர் அப்பொருளில் பெயரிட்டிருப்பாரா? எனினும் ‘மனிதன் நினைப்பதுபோல’ என்று நேர்படப் பெயர்த்திருந்தால் நூல் நம் வீடுகளுக்குள் நுழைந்திராது என்பதே என் துணிபு.

அவர் கைவிடாத சொல் ஒன்று உண்டு: ‘போல’. தலைப்பில் அது உவமை. நம் பேச்சில் ஊகமுமாகும். வானத்தைப் பார்த்து ஆங்கிலேயன் ‘ஐ திங்க்’ என்று தொடங்கும் இடத்தில் நம் சம்சாரி, ‘மழை வரும்போல இருக்கு’ என்பார். அங்கே ‘நான்’ இல்லை, ‘நினைக்கிறேன்’ இல்லை. ஐயம் முழுவதையும் ‘போல’ சுமக்கிறது. ‘மழை வருமென்று நான் நினைக்கிறேன்’ என்று நம் இளங்கவிஞர்கள் சிலர் எழுதுகிறார்கள். இலக்கணப் பிழையில்லை. ஆனால் மேகம் ஒதுங்கிக்கொள்ள, ‘நான்’ முன்னால் வந்து நிற்கிறது. கவிதையை வட்டத்துக்குக் கொண்டுவருமுன் அந்த ‘நினைக்கிறேன்’களை நீக்கிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

ஆலனின் மற்றொரு நூலுக்கு வ.உ.சி. ‘அகமே புறம்’ என்று பெயரிட்டார். அங்கேயும் வினை இல்லை. அதனை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம்.