கீழே தங்கும் வாயு
(குடியிருப்போர் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மணி அடிக்கும்வரை பேசிப் பழகியவன் நான். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தால் நிறுத்திவிடுகிறேன்.

போன மாதம் பி பிளாக்கில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சிலிண்டர் டியூபில் கசிவு. வீட்டம்மா நின்றபடியே முகர்ந்து பார்த்து, வாசனை லேசாகத்தான் இருக்கிறது என்று எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். தரையில் விளையாடிக்கொண்டிருந்த பேரன், "பாட்டி, இங்க ரொம்ப நாத்தம்" என்றான். கை நின்றது. அவனால்தான் அன்று பிழைத்தோம்.

ஒரே அறையில் மேலே லேசு, கீழே அதிகம். ஏன்?

திடப்பொருளில் துகள்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. திரவத்திலும் ஏறக்குறைய அதே நெருக்கம்தான், ஆனால் ஒன்றையொன்று தாண்டி நழுவும். அதனால்தான் மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் உருகினாலும் பாட்டிலில் மட்டம் பெரிதாக மாறுவதில்லை. வாயுவாகும்போதுதான் கதையே மாறுகிறது.

நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு, அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புவது அதுதான். சுமார் 26 லிட்டர் திரவம். வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். அதாவது 6,000 லிட்டருக்கும் மேல். மொட்டை மாடியில் உள்ள ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆறு. இத்தனைக்கும் துகள்களுக்கு இடையிலான தூரம் ஆறு மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் கூடுவதால் மொத்தம் இவ்வளவு பெரிதாகிவிடுகிறது.

இனி முக்கியமான இடம். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால், எந்த வாயுவானாலும் ஒரு லிட்டரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். 1811-இல் அவகாட்ரோ சொன்னது இது. இடைவெளி ஒன்றே என்றால், எது கனம் என்பதை ஒவ்வொரு மூலக்கூறின் எடைதான் தீர்மானிக்கும். காற்றுக்குச் சராசரி 29. சிலிண்டரில் உள்ள புரொபேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. ஆகவே கசிந்த வாயு தண்ணீர் மாதிரி தரையில் பரவி, படியிறங்கி, பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அறை முழுக்க அந்த அளவு சேர வேண்டியதில்லை, தரையோரம் சேர்ந்தால் போதும்.

இப்போது நம் குடியிருப்பைப் பாருங்கள். சிலிண்டர் வைக்கும் அலமாரியின் அடிப்பக்கம் காற்றுத் துளைகள் விட்டுக் கட்டிக்கொடுத்தார்கள். கரப்பான் வருகிறது என்று பாதி வீடுகளில் டேப் ஒட்டியிருக்கிறோம். என் வீட்டிலும் ஒட்டியிருந்தது; ஒளிப்பானேன்? கரப்பானுக்கு வலை அடியுங்கள், துளையை அடைக்காதீர்கள். இன்னொன்று, கீழ்த்தள பார்க்கிங்கில் சிலர் உபரி சிலிண்டர் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே லிஃப்ட் குழி. கசிந்தால் அங்கேதான் போய் நிற்கும், வெளியேற வழியில்லை. தயவுசெய்து இந்த வாரமே மேலே கொண்டுபோய்விடுங்கள்.

வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னல், முக்கியமாகத் தரைவரை திறக்கும் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். ஃபோன் வெளியே வந்த பிறகுதான். எண் 1906.

குழாய் வழி எரிவாயு வரப்போகிறது என்கிறார்கள். அது மீத்தேன், எடை 16. காற்றைவிட லேசு, மேலே போகும். அப்போது கூரையோரமும் துளை வேண்டும். ஒப்பந்தம் போடும்போது கமிட்டி இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஞாயிறு காலை ஏ பிளாக்கிலிருந்து தொடங்கி வீடு வீடாக அந்தத் துளைகளைப் பார்க்க வருகிறேன். காபி கொடுத்தால் சர்க்கரை வேண்டாம்.