கரண்டை நம்பலாமா?

 

இன்று கரண்ட் பற்றிப் பேசலாம். ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டதா என்பது ஒரு கேள்வி. வந்த கரண்டை நம்பலாமா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒரு பால்காரர் மழையானாலும் வெயிலானாலும் காலை ஆறு மணிக்கு வந்துவிடுவார். இன்னொருவர் நினைத்தால் வருவார். இருவர் கொடுப்பதும் நல்ல பால்தான். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் யாரிடம் வாங்குவார்கள்? கரண்டும் அப்படித்தான்.

சரி, நம்பிக்கையை எப்படி அளப்பது? ஒரு கணக்குப் போடுவோம். கீழத்தெருவில் ஒரு மாதத்தில் 30 முறை கரண்ட் போகிறது. ஒவ்வொரு முறையும் 2 நிமிடம்தான். மேலத்தெருவில் மாதத்தில் ஒரே ஒரு முறை போகிறது. ஆனால் 60 நிமிடம் வரவில்லை. கூட்டிப் பாருங்கள். இரண்டு தெருவிலும் போனது 60 நிமிடம்தான்.

எந்தத் தெரு மேல்? மாவு மில்காரரைக் கேளுங்கள். மெஷின் பாதியில் நின்றால் தானியம் உள்ளே சிக்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அவருக்குக் கீழத்தெரு ஆகாது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவருக்கு 2 நிமிடம் பெரிதில்லை. காலையில் ஒரு மணி நேரம் போனால்தான் குழாயடியில் சண்டை வரும்.

அதனால் ஒரு எண் போதாது. எத்தனை முறை போனது என்பது ஒன்று. மொத்தம் எவ்வளவு நேரம் போனது என்பது இன்னொன்று. உலகத்தில் பல நாடுகளில் மின்துறைப் பொறியாளர்கள் இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் அப்படித்தான்.

இப்போது கொல்கத்தாவுக்குப் போவோம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். நம் நாட்டில் மின்சாரத்தை முதலில் கண்ட நகரங்களில் அது ஒன்று. அப்போது அதன் பெயர் கல்கத்தா. 1899-இல் அங்கே அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1902-இல் டிராம் வண்டி மின்சாரத்தில் ஓடியது. அதற்கு முன் குதிரைதான் டிராம் வண்டியை இழுத்தது.

அதே நகரம் 1970-களிலும் 1980-களிலும் இருட்டில் தவித்தது. மின் நிலையங்கள் அடிக்கடி பழுதாயின. தேவை கூடிக்கொண்டே போனது. மின்சாரத்தில் பெரும்பகுதி உற்பத்தியாகும் நொடியிலேயே செலவாகிறது. நெல்லைப் போல் குதிரில் கொட்டி வைக்க முடியாது. வரவும் செலவும் தராசுத் தட்டு போல் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். செலவு மிஞ்சினால் சில பகுதிகளுக்குக் கரண்டை நிறுத்தித்தான் தீர வேண்டும். இதற்கு லோட் ஷெட்டிங் என்று பெயர். அந்தச் சொல் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிறகு டிட்டாகரில் 1983-லும் பட்ஜ் பட்ஜில் 1997-லும் புதிய மின் நிலையங்கள் வந்தன. நிலைமை மாறியது.

எவ்வளவு மாறியது என்பது 2012-இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலை 31. பகல் ஒரு மணி. வட இந்தியா, கிழக்கு இந்தியா, வடகிழக்கு இந்தியா எல்லாம் ஒரே அடியாக இருண்டன. சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி அது. ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் அடியில் மாட்டிக்கொண்டார்கள். பிறகுதான் அவர்களைப் பத்திரமாக மேலே கொண்டுவர முடிந்தது.

ஆனால் கொல்கத்தாவில் பெரும்பகுதிக்குக் கரண்ட் போகவில்லை! வெளியே வலைப்பின்னல் சரிகிறது என்றதும் நகரத்தின் மின் அமைப்பு தன்னைத் துண்டித்துக்கொண்டது. நகரத்தின் சொந்த மின் நிலையங்களை வைத்துத் தனித் தீவு போல் ஓடியது. நம் தமிழ்நாடு அன்று தப்பியதற்குக் காரணம் வேறு. தென்னிந்திய வலைப்பின்னல் அப்போது தனியாக ஓடியது. 2013 டிசம்பர் 31-இல்தான் மற்றவற்றோடு சேர்ந்தது.

சரி, கொல்கத்தாவின் கரண்டை இனிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அவசரப்படாதீர்கள்.

2020 மே 20. ஆம்பன் புயல் வந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் காற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கம்பிகளையும் கம்பங்களையும் சேர்த்து இழுத்துப் போட்டன. அது கொரோனா ஊரடங்குக் காலம். வேலைக்கு ஆள் குறைவு. மரங்களை அகற்ற ராணுவம் வந்தது. பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் பம்பு ஓடாது. பம்பு ஓடாமல் தண்ணீர் ஏது? கரண்டும் தண்ணீரும் கேட்டு மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2018-இல் கஜா புயலைப் பார்த்த நம் டெல்டா மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பாருங்கள், அதே நகரம்தான். நாட்டின் பாதி இருண்டபோது விளக்கெரிந்த ஊர், மரம் விழுந்தபோது இருண்டது. மின் நிலையம் பலமாக இருந்தால் மட்டும் போதாது. நிலையத்திலிருந்து வீட்டு மீட்டர் வரை சங்கிலி போல எத்தனையோ கண்ணிகள். பொறியாளர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: இதில் ஒன்று அறுந்தால் மற்றவை தாங்குமா? வேறு பாதையில் கரண்டைக் கொண்டுவர முடியுமா? வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பிக்குப் பெரும்பாலும் மாற்றுப் பாதை கிடையாது. அங்கேதான் வம்பு.

இன்னொரு சங்கதி உண்டு. அதற்குச் சராசரி என்று பெயர். ஒரு ஊரில் 100 வீடு. 80 வீட்டில் கரண்ட் போகவே இல்லை. மீதி 20 வீட்டில் 5 மணி நேரம் இல்லை. இருபதை ஐந்தால் பெருக்கினால் 100. அதை 100 வீட்டுக்கும் பங்கு போட்டால் வீட்டுக்கு ஒரு மணி நேரம். காகிதத்தில் இது சின்னக் குறைதான். அந்த இருபது வீட்டாரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! எனக்குச் சராசரிக் கணக்கு மேல் கோபம் இல்லை. ஆனால் அதோடு எந்தத் தெரு அதிகம் தவித்தது என்றும் எழுதியிருக்க வேண்டும்.

2020 டிசம்பரில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற அந்த இரண்டு எண்களும் அதில் இருக்கின்றன. எல்லை மீறினால் நுகர்வோருக்கு இழப்பீடு என்றும் இருக்கிறது.

கேட்கப் போனால் ஆதாரம் கேட்பார்கள். "எப்பப் பார்த்தாலும் கரண்ட் இல்லை" என்றால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் நோட்டில் ஒரு பக்கம் எடுங்கள். மூன்று கோடு போடுங்கள். நான்கு பத்தி வரும். தேதி, போன நேரம், வந்த நேரம், எந்தத் தெரு. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தோடு வாருங்கள். இங்கேயே கூட்டிப் பார்ப்போம்.