சோப்பு விற்கிறவன் நாடகம் போட்டால்...
(திருவண்ணாமலையில் ஆற்றிய உரை)



விளம்பரக் கம்பெனிகள் இன்று கதை எழுதுகின்றன, பாட்டுக் கட்டுகின்றன, தொடரும் படமும் எடுக்கின்றன. புதுமை என்கிறார்கள். புதுமையல்ல! 1933-ல் அமெரிக்காவில் ஆக்ஸிடால் சோப்புத் தூளை விற்க, 'மா பெர்க்கின்ஸ்' என்ற வானொலி நாடகத்தைத் தயாரித்தது ஒரு விளம்பரக் கம்பெனிதான். 27 ஆண்டு ஓடிற்று. இவ்வகைத் தொடர்களுக்குச் 'சோப்பு நாடகம்' என்றே பெயர் விழுந்தது. நம் நாட்டில் 1984-ல் தூர்தர்ஷனின் 'ஹம் லோக்' தொடர் மாகி நூடுல்ஸ் பணத்தில் வந்தது.

நடிகருக்குக் கூலி கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கட்டும், நமக்கும் சந்தோஷமே. ஆனால் அந்தக் கூலி சோப்பு விலையில் ஏறி நம் மடியிலிருந்துதான் போகிறது. காசு நம்முடையது, கத்தரிக்கோல் அவனுடையது.

1959-ல் நாஜிகளின் கொலைகள் பற்றிய நியூரம்பர்க் விசாரணையை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகமாகக் காட்டினார்கள். யூதர்களை விஷவாயு அறையில் அடைத்துக் கொன்ற கதை. விளம்பரப் பணம் கொடுத்ததோ எரிவாயுக் கம்பெனிகளின் சங்கம். 'கேஸ்' என்ற சொல் வந்த இடங்களில் ஒலியை அடைத்துவிட்டார்கள்! நடிகரின் வாய் அசைந்தது, சொல் வரவில்லை. லட்சோபலட்சம் சாவைவிட அடுப்பு வியாபாரம் பெரிதாய்ப் போயிற்று. இவர்களா ஆலைக் கதவடைப்பையும் நம் கூலிப் போராட்டத்தையும் மேடையேற்றுவார்கள்?

நம் திருவண்ணாமலைச் சீமையில் தெருக்கூத்து இருக்கிறது. பகலில் கழனியில் இறங்குகிறவரே இரவில் துரியோதனன். ஊர் வரி போட்டுப் பணம் தருகிறது. கட்டியங்காரன் ஊர்ப் பெரியதனத்தையே கேலி செய்கிறான். ஒலியை அடைப்பவர் யாருமில்லை.

அறுவடை முடிந்ததும் கிளைக்கு ஒரு கூத்து வைப்போம். பேசிய கூலியை விடியற்காலையிலேயே ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். பாக்கி வைக்கக் கூடாது.